படியேறி வந்த செல்கள்

உடற்பயிற்சி செய்யும்போது நம் வெள்ளை அணுக்களுக்கு என்ன ஆகிறது, அவை கிழடு தட்டிப்போவதைப் பயிற்சி தள்ளிப்போடுமா? இதைத்தான் 4 ஆண்டுகளாக ஒரு ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி அனுப்பலாம் என்று ஆசிரியர் போன இதழில் ஒரு வரி போட்டார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எதிர்ப்பு சக்தி கூட என்ன பயிற்சி செய்யலாம்? அதை நடுவில் வைத்திருக்கிறேன். அவசரக்காரர்கள் நேரே அங்கே தாவலாம். ஆனால் பதில் அவர்களுக்குப் பிடிக்காது.

கேள்வி: என் மகள் பிஎச்.டி. முடித்துவிட்டாள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடிப்பதற்குள், 'போஸ்ட்டாக் போகிறேன்' என்கிறாள். டாக்டர் பட்டத்துக்கும் மேலே அது என்ன பட்டம்?

பதில்: பட்டமே கிடையாது அம்மா. முதுமுனைவர் ஆய்வு என்று தமிழில் எழுதுகிறார்கள். கேட்டால் முனைவருக்கே அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் அது ஒப்பந்த வேலைதான். 2 ஆண்டு, 3 ஆண்டு, நிதி இருக்கும்வரை. இன்னொருவருடைய ஆய்வகத்தில் இடமும் கருவியும் வாங்கிக்கொண்டு, நம் பெயர் சொல்கிற மாதிரி ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். பிஎச்.டி. காலத்தில் தப்பு செய்தால் வழிகாட்டி திட்டுவார். இங்கே திட்டக்கூட ஆள் இருக்காது. தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

என் நாளைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். தன்னார்வலர் சைக்கிள் மிதித்து இறங்கியதும் செவிலியர் எடுத்த ரத்தம் என் மேசைக்கு வரும். அதைப் பாதிக்குப் பாதி உப்புக்கரைசலில் கலந்து, ஃபைக்கால் என்ற கனமான திரவத்தின் மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். ஊற்றுவது என்பது பெரிய வார்த்தை. குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோடு சுவராக வழியவிட வேண்டும். கை நடுங்கினால் இரண்டும் கலந்துவிடும். பிறகு அரை மணி நேரம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால், சிவப்பணுக்கள் அடியில் போய்விடும், மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும், நடுவில் மங்கலான வெள்ளை வளையம் ஒன்று தெரியும். கிருமியோடு மோதும் வெள்ளை அணு வகைகளான டி செல்லும் என்.கே. செல்லும் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. அவ்வளவு பேர் மூச்சு வாங்க மிதித்ததற்கெல்லாம் மிஞ்சுவது நகக்கண் அகல வளையம்.

சுற்றி முடித்த எந்திரம் தானாகத் தளர்ந்து நிற்க வேண்டும். பிரேக் போட்டால் வளையம் கலங்கிவிடும். சேர்ந்த 2-வது மாதம் பிரேக்கை அணைக்க மறந்துபோய் ஒரே நாளில் 6 பேருடைய மாதிரியைக் கெடுத்தேன். அந்த 6 பேரையும் தொலைபேசியில் அழைத்து 'மறுபடி வந்து மிதிக்க முடியுமா' என்று கேட்டதும் நான்தான். அதுதான் அம்மா, போஸ்ட்டாக். பெண்ணைப் போகவிடுங்கள்.

கேள்வி: 4 ஆண்டில் அப்படி என்ன கண்டுபிடித்தீர்கள்?

பதில்: ரத்தம் எடுப்பதற்கு முன் லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை.

கிண்டல் இல்லை. ஒருவருடைய ஓய்வு நேர மாதிரியில் என்.கே. செல்கள் மற்ற நாட்களைவிட இரண்டு மடங்கு இருந்தன. இன்னும் சைக்கிளில் ஏறவே இல்லை, வெறும் முதல் மாதிரி அது. செல்களை அடையாளம் காட்டும் நிறமியைச் சந்தேகித்தேன், கருவியைச் சந்தேகித்தேன், கடைசியில் குழாயில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று என்னையே சந்தேகித்தேன். ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ பேசும்போது அவர் சொன்னார்: 'அன்னைக்கு லிஃப்ட் வேலை செய்யலீங்க. நேரமாச்சேன்னு 4 மாடியும் ஓடியே வந்தேன்.' அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளை அணுக்களில் எல்லாமே ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருப்பதில்லை. நிறைய, ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டும் மண்ணீரலில் தங்கியும் கிடக்கும். ஓடத் தொடங்கியதும் அட்ரினலின் சுரக்கிறது, ரத்தம் வேகமெடுக்கிறது, ஒட்டிக்கொண்டிருந்தவை பிடியை விடுகின்றன. அட்ரினலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் என்.கே. செல்லின் மேல் ஏராளம் என்பதால் முதலில் எழுந்து ஓடிவருவது அதுதான். கடும் பயிற்சியில் சில நிமிடங்களுக்குள் ரத்தத்தில் பல மடங்காகிவிடும். புதிதாக ஒன்றும் பிறக்கவில்லை. இருந்த ஆட்களே தெருவுக்கு வந்திருக்கிறார்கள்.

இது புது சேதியும் இல்லை. 1901-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய சிலரின் ரத்தத்தைப் பரிசோதித்து, வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருப்பதை லாரபீ என்ற மருத்துவர் 1902-லேயே எழுதிவைத்துவிட்டார். நான் லிஃப்டிடம் பாடம் கற்றேன். இப்போது எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் அரை மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்த பிறகுதான் ஊசி.

கேள்வி: நான் மாரத்தான் ஓடுகிறவன். வயது 29. பந்தயம் முடிந்த வாரம் தவறாமல் தொண்டை கட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது. 'நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சில மணி நேரம் எதிர்ப்பு சக்தி விழுந்துவிடும், ஜன்னல் திறந்த மாதிரி' என்கிறார் பயிற்சியாளர். உண்மையா, டாக்டர்?

பதில்: முதலில், நான் மருந்து எழுதித்தரும் டாக்டர் இல்லை தம்பி. சளி நிற்காவிட்டால் அவரிடம் போங்கள். ஜன்னல் கதைக்கு நான் பொறுப்பு.

உங்கள் பயிற்சியாளர் காற்றில் சொல்லவில்லை. 1982-ல் கேப்டவுனில் நடந்த 56 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு 2 வாரங்களில் ஓடியவர்களில் 33.3 சதவீதம் பேருக்குச் சளித்தொல்லை. அதே வீடுகளில் இருந்த, ஓடாதவர்களில் 15.3 சதவீதம். 1987 லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானில் 2,311 பேரிடம் கேட்டார் டேவிட் நீமன். ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரம் நோய் வந்ததாகச் சொன்னார்கள். பெயர் கொடுத்துவிட்டு, நோய் அல்லாத வேறு காரணத்தால் ஓடாமல் விட்டவர்களில் 2.2 சதவீதம்தான். இதோடு ஆய்வகக் கணக்கும் சேர்ந்துகொண்டது. பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் லிம்ஃபோசைட் (டி செல்லும் என்.கே. செல்லும் சேர்ந்த வெள்ளை அணுக் குடும்பம்) எண்ணிக்கை, ஓய்வில் இருந்ததைவிடவும் கீழே இறங்கும். என் பதிவேட்டிலேயே எத்தனையோ பேருக்கு அப்படி இறங்கியிருக்கிறது. ஜன்னல் திறந்துவிட்டது, கிருமி உள்ளே வரும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நானும் பிஎச்.டி. நேர்காணலில் இதைத்தான் ஒப்பித்தேன். தலையாட்டினார்கள்.

பிறகுதான் இடறத் தொடங்கியது. அந்த இரண்டு ஓட்டத்திலும் 'உங்களுக்குச் சளி பிடித்ததா' என்று கேட்டு எழுதிக்கொண்டார்களே தவிர, மூக்கில் பஞ்சு விட்டு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பின்னாளில் விளையாட்டு வீரர்களிடம் அப்படிப் பார்த்தபோது, 'சளி' என்று வந்தவர்களில் பெரும்பாலோரிடம் கிருமி எதுவுமே அகப்படவில்லை. மணிக்கணக்காக வாயால் வறண்ட காற்றை இழுத்தாலே தொண்டை எரியும், ஒவ்வாமை இருந்தால் மூக்கும் ஒழுகும். அதோடு பந்தய நாளை நினைத்துப்பாருங்கள். முந்தின இரவு தூக்கமில்லை, பயணக் களைப்பு, ஆயிரக்கணக்கான பேரோடு தோளுரசி நின்றிருக்கிறீர்கள், எல்லாரும் இருமுகிறார்கள். பழி மட்டும் ஓட்டத்தின் மேல்.

ரத்தத்தில் குறைந்த செல்கள் செத்தா போயின? எலியின் டி செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, ஓடவிட்டு, எங்கே போகின்றன என்று தேடிப் பார்த்தார்கள். நுரையீரலில் இருந்தன. குடலின் நிணத்திட்டுகளில், எலும்பு மஜ்ஜையில் இருந்தன. கிருமி வந்தால் முதலில் மோதக்கூடிய இடங்கள் இவை. ஆக, காவலாளி ஓடிப்போகவில்லை, வாசலுக்குப் போயிருக்கிறான். நாம் கூடத்தில் நின்று தலையை எண்ணிவிட்டு ஆளைக் காணோம் என்று கத்தியிருக்கிறோம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பெல், டர்னர் இருவரும் 2018-ல் இந்த ஜன்னல் கதையை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துப்போட்டார்கள்.

வழக்கு இன்னும் முழுதாக முடியவில்லை. தினமும் உடம்பைப் பிழிகிற உச்சநிலை வீரர்களைப் பற்றி இந்தத் துறையில் இன்றும் சண்டை நடக்கிறது. நான் கேம்பெல் - டர்னர் பக்கம். உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஓட்டத்தை விடாதீர்கள். பந்தயத்துக்கு முந்தின 3 இரவும் ஒழுங்காகத் தூங்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்ட எந்தப் பயிற்சி நல்லது?

பதில்: இந்த 'கூட்ட' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. தும்மித் தும்மிக் கண் சிவப்பதும் எதிர்ப்பு சக்திதான். தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்து அரிக்கிற முடக்குவாதமும் எதிர்ப்பு சக்திதான். அவற்றில் எதைக் கூட்டச் சொல்கிறீர்கள்? வேண்டிய இடத்துக்கு வேண்டிய நேரத்தில் போக வேண்டும், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். பயிற்சி உதவுவது அந்தப் போக்குவரத்துக்கும் அந்த அடக்கத்துக்கும்.

எண்தான் வேண்டும் என்றால்: அதே நீமன், 18 முதல் 85 வயது வரையான 1,002 பேரை 12 வாரம் கவனித்து 2011-ல் வெளியிட்டார். வாரம் 5 நாளோ அதற்கு மேலோ மூச்சு வாங்கப் பயிற்சி செய்தவர்கள், பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தவர்களைவிடச் சளித்தொல்லையோடு கழித்த நாட்கள் 43 சதவீதம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே 2 நாள் தசைக்கு வேலை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் மிதம்.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 71 வயது. வேலையில் இருந்தவரை நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்களே, எழுபதில் வளையுமா?

பதில்: ஐயா, உங்களுக்கு இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று இனிக்கும், ஒன்று கொஞ்சம் கசக்கும்.

மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. 1961-ல் ஜாக் மில்லர் என்பவர் குட்டி எலிகளிடமிருந்து அதை எடுத்துப் பார்க்கும்வரை, சும்மா கிடக்கும் சதை என்றுதான் நினைத்திருந்தார்கள். டி செல்கள் தேறி வரும் இடம் அது. சின்ன வயதிலேயே சுருங்கத் தொடங்கிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வயதானவர்களிடம் புது டி செல் வரத்து குறைச்சல். பழையவை மட்டும் பழைய கிருமிகளை நினைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கும்.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. 55 முதல் 79 வயது வரையான 125 சைக்கிள்காரர்கள். எப்பேர்ப்பட்டவர்கள் என்றால், ஆண்கள் 100 கி.மீ. தூரத்தை ஆறரை மணி நேரத்துக்குள்ளும், பெண்கள் 60 கி.மீ. தூரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குள்ளும் மிதித்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் ஆய்வில் இடம். இவர்களை அதே வயதில் பயிற்சி பழக்கமில்லாத 75 பேரோடும், 55 இளைஞர்களோடும் ஒப்பிட்டார்கள். தைமஸிலிருந்து அண்மையில் வெளியே வந்த டி செல்கள் சைக்கிள்காரர்களிடம் கிட்டத்தட்ட இளைஞர்கள் அளவுக்கு இருந்தன. தைமஸைத் தாங்கிப் பிடிக்கும் ஐ.எல்-7 என்ற புரதம் அதிகம், அழற்சியைக் காட்டும் ஐ.எல்-6 என்ற புரதம் குறைவு. ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான நார்மன் லாசரஸ் தாமே சைக்கிள்காரர், அப்போது வயது 80-ஐத் தாண்டியிருந்தார்.

செய்தித்தாள்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டன. அந்த ஆய்விலேயே இன்னொரு வரி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். சிடி57 என்ற அடையாளம் ஏறிய, மூப்படைந்த டி செல்கள் இரண்டு முதியோர் குழுவிலும் ஒரே அளவுதான். எவ்வளவு மிதித்தும் அவை குறைந்திருக்கவில்லை. இந்தச் செல்கள் குவிய வயது மட்டும் காரணமில்லை. சைட்டோமெகலோ என்ற வைரஸ் உலகில் பெரும்பாலான பெரியவர்களிடம் ஓசைப்படாமல் குடியிருக்கிறது, ஒருமுறை வந்தால் ஆயுள் முழுக்கப் போகாது. அதற்குக் காவல் இருந்தே நிறைய டி செல்கள் கிழடாகிவிடுகின்றன. சைக்கிள் அந்த வைரஸை விரட்டுமா என்ன?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 125 பேரும் பல்லாண்டுகளாக மிதிப்பவர்கள். ஆரோக்கியமாக இருந்ததால் மிதித்தார்களா, மிதித்ததால் ஆரோக்கியமா என்று இந்த மாதிரி ஆய்வு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதனால்தான் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது 2009-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வுட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வை. உங்களைப் போலவே நாற்காலிவாசிகள், சராசரி வயது 70-ஐ ஒட்டி, 144 பேர். சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 10 மாதம் மூச்சு வாங்கும் பயிற்சி, மற்றதற்குக் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி. நடுவில் ஃப்ளூ தடுப்பூசி. ஊசி போட்ட சில வாரங்களில் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் 24-வது வாரத்தில், பாதுகாப்பு இன்னும் மிச்சமிருந்தவர்கள் முதல் குழுவில்தான் அதிகம். எழுபதில் தொடங்கியவர்கள், ஐயா. இதய மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, மெதுவாக நடையில் தொடங்குங்கள்.

கேள்வி: நான் மருந்தியல் மாணவி. ஐ.எல்-6 அழற்சியை மூட்டும் பொருள், முதுமையில் ஏறும் என்று படித்தோம். பயிற்சியின்போதும் அதே ஐ.எல்-6 ஏறுகிறதாமே? அப்படியென்றால் பயிற்சி கெடுதலா?

பதில்: அருமையான கேள்வி. உங்கள் ஆசிரியரையும் இதைக் கேளுங்கள்.

முதுமையில் வரும் ஐ.எல்-6, மூடாத குழாயில் சொட்டுகிற மாதிரி. கொஞ்சமாக, நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில். இந்தக் கனலும் அழற்சிக்கு 2000-ல் ஃபிரான்செஸ்கி என்ற இத்தாலியர் 'இன்ஃப்ளமேஜிங்' என்று பெயர் வைத்தார். பயிற்சியில் வருவது அடைமழை. மாரத்தான் ஓடியவர் ரத்தத்தில் 100 மடங்கு வரைகூட ஏறும், அடுத்த சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

எங்கிருந்து வருகிறது? வெள்ளை அணுக்களிலிருந்துதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கோபன்ஹேகனில் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன் குழுவினர் 6 இளைஞர்களை 5 மணி நேரம் ஒற்றைக் காலால் மட்டும் உதைக்க வைத்தார்கள். ஒரு கால் வேலை, மறு கால் சும்மா. இரண்டு கால்களுக்கும் போகும் ரத்தத்தையும் திரும்பும் ரத்தத்தையும் அளந்தால், ஐ.எல்-6 வேலை செய்த காலிலிருந்து மட்டுமே கசிந்து வந்தது. சும்மா இருந்த காலில் இல்லை. 2000-ல் வந்த அந்தக் கட்டுரையை நான் இன்னும் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன். இரண்டு காலையும் ஒரே ஆளிடம் வைத்து ஒப்பிட்டதில் இருக்கிற அழகுக்காகவே. தசையும் ஒரு சுரப்பி என்று ஆகிவிட்டது. தசை அனுப்பும் இந்தச் சேதிகளுக்கு 'மயோகைன்' என்று பெயர்.

அழற்சியை மூட்டுகிறதா என்பதை 2003-ல் நேரடியாகவே சோதித்தார்கள். பாக்டீரியாவின் நச்சைச் சிறிதளவு ஊசியில் ஏற்றினார்கள். ஓய்வில் இருந்தபோது டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருள் இரண்டு மூன்று மடங்கு எகிறியது. 3 மணி நேரம் சைக்கிள் மிதித்தவர்களிடம் அந்த எகிறல் அமுங்கிப்போனது. சைக்கிள் இல்லாமல் ஐ.எல்-6 மட்டும் ஏற்றியபோதும் அதே கதை. ஆக, எந்தப் பொருள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். யார் அனுப்பினார், எவ்வளவு நேரம் இருந்தது என்று பாருங்கள். தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள்.

கேள்வி: காய்ச்சல் இருக்கும்போது லேசாக ஓடலாமா?

பதில்: கூடாது. இதயத்தசை வீங்கியிருக்க வாய்ப்புண்டு. படுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. '2 வாரம் படியிறங்காமல் வீட்டோடு இரு' என்று நாங்கள்தான் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தோம். இப்போது எழுந்தால் தள்ளாடுகிறார். 2 வாரத்தில் இவ்வளவு ஆகுமா?

பதில்: ஆகும். ஆரோக்கியமான முதியவர்களிடம் நடையை மட்டும் முக்கால் பங்கு குறைக்கச் சொல்லி 2 வாரம் பார்த்த ஆய்வு 2013-ல் வந்தது. படுக்கையில் போடவில்லை, வீட்டுக்குள் நடமாடலாம். அதற்குள் காலில் தசை ஏறக்குறைய 4 சதவீதம் போயிருந்தது, ரத்தத்தில் அழற்சி அளவுகள் ஏறியிருந்தன. பாசத்தில் செய்தீர்கள், உங்களைக் குறைசொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிட்டு, வலிக்காத வகையில் என்ன அசைவு முடியும் என்று நாளைக்கே கேளுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் கணக்கில் சேரும்.

கேள்வி: தடுப்பூசி போட்ட அன்று பயிற்சி செய்யலாமா?

பதில்: வழக்கமாகச் செய்கிறவர் செய்யலாம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃப்ளூ, கோவிட் ஊசி போட்டவுடன் 90 நிமிடம் மிதமாக நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டார்கள். அடுத்த வாரங்களில் ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது, பக்கவிளைவு கூடவில்லை. 45 நிமிடத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. சின்ன ஆய்வு, 2022-ல் வந்தது. இதை நம்பி 90 நிமிடம் நடக்காதவர்கள் யாரும் வருத்தப்பட வேண்டாம்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் சரி. நீங்கள் பயிற்சி செய்வீர்களா?

பதில்: இளைஞர் குழுவுக்கு ஆள் கிடைக்காமல் ஒருநாள் என்னையே முகமூடி மாட்டி சைக்கிளில் ஏற்றினார்கள். எனக்கு முன்னால் ஏறி இறங்கியவருக்கு 68 வயது. இருவரின் கணக்கும் ஒரே திரையில் வந்தது. அதற்குப் பிறகுதான் தினமும் நடக்கிறேன்.

கேள்வி: அத்தை, நான் 7-ம் வகுப்பு. வெள்ளை அணுவுக்குக் கால் இருக்குமா? எப்படி நகரும்?

பதில்: இருக்கும், கண்ணா. ஆனால் வேண்டும்போது முளைக்கும், வேண்டாதபோது கரைந்துவிடும். போலிக்கால் என்று உன் பாடத்தில் அமீபாவுக்கு வந்திருக்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவும் அப்படித்தான். முன்பக்கம் ஒரு புடைப்பு தள்ளும், அது தரையைப் பற்றும், பின்பக்கம் சுருங்கி உடம்பு முன்னே வழியும்.

நான் இதை நுண்ணோக்கியில் படம் பிடிக்கிறேன். கண்ணாடித் தகட்டின் ஒரு பக்கத்தில், 'இங்கே கிருமி இருக்கிறது' என்று அணுவை ஏமாற்றும் ஒரு வேதிப்பொருளை விடுவேன். வாசனை பிடித்து ஓடி வருவது மாதிரி அணுக்கள் அந்தப் பக்கம் கிளம்பும். 25 வயதுக்காரருடைய அணுக்கள் கோடு போட்ட மாதிரி நேரே போகும். வயதானவருடைய அணுக்களும் அதே வேகத்தில்தான் நடக்கும், அதுதான் வேடிக்கை. ஆனால் வழி தவறும். இடது பக்கம் ஒரு கால், வலது பக்கம் ஒரு கால் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் நீட்டித் திகைக்கும். பர்மிங்ஹாமில் 2014-ல் இதை விவரமாகக் காட்டினார்கள். வழி தவறி அலையும்போது கையிலிருக்கும் செரிமான நொதிகளை வழியெல்லாம் சிந்திக்கொண்டும் போகும், நல்ல திசுவும் புண்ணாகும். அதே ஊரில் 2016-ல் இன்னொன்றும் பார்த்தார்கள். நாளுக்கு 10,000 அடி நடக்கும் முதியவர்களின் நியூட்ரோஃபில்கள், 5,000 அடி நடப்பவர்களுடையதைவிட இலக்கை நோக்கி நன்றாகவே நகர்ந்தன.

போன வாரம் ஒரு பாட்டியுடைய அணுக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். நிறைய நடக்கிறவர் அவர். ஒன்று மட்டும் திரையின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கால் நீட்டியது, இழுத்துக்கொண்டது. பக்கவாட்டில் நீட்டியது, அதையும் இழுத்துக்கொண்டது. போகாது என்று நினைத்துப் பேனாவை மூடப் போனேன். அப்புறம் ஒரு பெரிய புடைப்பாகத் தள்ளி, சரியான பக்கம் திரும்பி, சட்டகத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.